பதினாலாவது வரியில் பால்

மேடம்: ...நானூத்திப் பன்னெண்டு.

நாலு: எது மேடம்?

மேடம்: போன மாசம் உங்க ப்ரோக்ராமுக்கு இவரும், இவர் ப்ரோக்ராமுக்கு நீங்களும் போட்ட குறிப்பு. காலைல உட்கார்ந்து எண்ணினேன். நானூத்திப் பன்னெண்டு.

டேப்: அதுல பாதி இவங்க போட்டது மேடம்.

நாலு: மீதிப் பாதி யாரு, பக்கத்து ஆபீஸ்காரங்களா?

மேடம்: அதுல ப்ரோக்ராம் தப்புன்னு சொன்னது ஒன்பது. மீதி நானூத்தி மூணும் வரிக்கு முன்னாடி எவ்வளவு இடம் விடணும்ங்கறது.

டேப்: இடம் முக்கியம் மேடம்.

நாலு: அதை நான் சொல்லணும்.

மேடம்: கதவைச் சாத்துங்க.

டேப்: சாத்தித்தான் இருக்கு மேடம். கண்ணாடி ரூம்ங்கறதால தெரியல.

மேடம்: தெரியுது, தெரியுது. வெளிய பதினோரு பேர் வேலையை விட்டுட்டு உள்ள பாக்கறதும் தெரியுது. ஆபீஸ்ல உங்க ரெண்டு பேரோட நிஜப் பேரும் எல்லாருக்கும் மறந்து போச்சு. இன்னிக்குக் காலைல செக்யூரிட்டி என்கிட்ட, "நாலு மேடம் உள்ள வந்தாச்சு, டேப் சார் இன்னும் வரலை"ங்கறார்.

டேப்: பார்க்கிங்ல வண்டி நிறுத்த லேட் ஆயிடுச்சு மேடம்.

நாலு: அதைக் கேக்கல அவங்க.

மேடம்: விஷயத்துக்கு வரேன். நேத்து டைரக்டர் கூப்பிட்டார். போன வருஷம்தான வந்தார், அவருக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. "டேப்புன்னா என்ன, ஸ்பேஸுன்னா என்ன, ஏன் இவங்க அடிச்சுக்கறாங்க"ன்னு கேட்டார். நான் சொன்னேன்... ப்ரோக்ராம்ல சில வரியைக் கொஞ்சம் உள்ள தள்ளி எழுதணும் சார். தள்றதுக்கு ஒருத்தர் டேப் கட்டையை ஒரு தட்டுத் தட்டறார். இன்னொருத்தர் ஸ்பேஸ் கட்டையை நாலு தட்டுத் தட்டறாங்க. அவ்வளவுதான்னேன்.

நாலு: அவ்வளவுதான் இல்ல மேடம்.

மேடம்: "திரையில பார்த்தா ரெண்டும் எப்படி இருக்கும்"னு கேட்டார். ஒரே மாதிரிதான் இருக்கும்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எனக்கே கூச்சமாப் போச்சு.

டேப்: ஒரு தட்டுல முடியறதுக்கு நாலு தட்டு எதுக்கு மேடம்? அது மட்டுமில்ல, கண்ணு சரியாத் தெரியாதவங்க டேப்போட அகலத்தைத் தனக்கு வேணும்கற மாதிரி மாத்திக்கலாம். ஸ்பேஸை மாத்த முடியாது.

நாலு: அதான் வேணும். யார் மெஷின்ல திறந்தாலும் ஒரே மாதிரி நிக்கணும். இவர் ஃபைலை என் மெஷின்ல திறந்தா வரியெல்லாம் திருவிழாக் கூட்டத்துல கைவிட்ட பிள்ளைங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்குது மேடம்.

டேப்: உங்க மெஷினைச் சரி பண்ணுங்க.

நாலு: உங்க விரலைச் சரி பண்ணுங்க.

மேடம்: நானூத்திப் பதிமூணு. நானூத்திப் பதினாலு.

நாலு: ...சாரி மேடம்.

மேடம்: யாரையோ மாத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க.

டேப்: கேள்விப்பட்டோம்... பட்டேன்.

நாலு: நானும் பட்டேன். தனியா.

மேடம்: உண்மைதான். உங்கள்ல ஒருத்தர் பேரை மூணு மணிக்குள்ள சொல்லச் சொல்லியிருக்கார். அந்த ஒருத்தர் இனிமே மூணாவது மாடி.

டேப்: மூணாவது மாடின்னா... டேட்டாபேஸ் சார்கிட்டயா?

மேடம்: அவர்கிட்டதான்.

நாலு: மேடம், அவரு எல்லாத்தையும் கேபிடல் லெட்டர்லயே எழுதறவரு.

மேடம்: ஆமா.

நாலு: "குட் மார்னிங்"னு மெயில் போட்டாலே திட்டற மாதிரி இருக்கும் மேடம்.

டேப்: நீங்களும் அவரும் பதினாறு வருஷமா நேர்ல ஒரு வார்த்தை பேசினதில்லன்னு சொல்றாங்க.

மேடம்: மெயில்ல பேசறோமே.

டேப்: ஏழு பக்கம் வருமாமே ஒவ்வொண்ணும்.

மேடம்: போன வாரம் எட்டு.

நாலு: நீங்க லிஃப்ட்ல இருந்தா அவர் ஏறாம படில போயிடுவாராம்.

மேடம்: அது அப்படி இல்லம்மா. டாக்டர் அவரை தினம் நடக்கச் சொல்லியிருக்கார். அதான் படில போறார்.

நாலு: உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?

மேடம்: ...மெயில்ல இருந்துச்சு.

டேப்: கேபிடல் லெட்டர்லயா?

மேடம்: பேச்சை மாத்தாதீங்க. யார் போறீங்க?

நாலு: இவரை அனுப்பிடுங்க மேடம். நான் நிம்மதியா இருப்பேன்.

மேடம்: சரி.

நாலு: ஆனா... சீட் ஒதுக்கற பகுதி முழுக்க இவர் எழுதினது. இவரை அனுப்பிட்டா அதுல ஏதாவது கோளாறுன்னா யாருக்கும் புரியாது. பஸ்ல ஒரே சீட்ல ரெண்டு பேர் வந்து உட்காருவாங்க.

மேடம்: அப்ப நீங்க போறீங்களா?

டேப்: இவங்க தாராளமாப் போகலாம் மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா டிக்கெட் ரத்து பண்ற பகுதியை இவங்களைத் தவிர யாரும் தொட முடியாது. நான் தொட்டேன் ஒரு தடவை. ஒரு கல்யாணப் பார்ட்டியோட நாப்பது டிக்கெட்டும் ரத்தாயிடுச்சு.

நாலு: அது கல்யாணப் பார்ட்டி இல்ல, ஃபுட்பால் டீம்.

டேப்: சரி, ஃபுட்பால் டீம். ஊர் போய்ச் சேரலைல்ல?

மேடம்: ஆக, இவர் போகணும், ஆனா போகக்கூடாது. இவங்க போகணும், ஆனா போகக்கூடாது.

நாலு: ஆமா மேடம்.

டேப்: அதேதான் மேடம்.

மேடம்: இதையா நான் டைரக்டர்கிட்ட சொல்றது? சரி, அது இருக்கட்டும். எனக்கு வேற ஒரு சந்தேகம். போன ஞாயித்துக்கிழமை காலைல டிக்கெட் ரத்துல தப்பு வந்து ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு வித்துடுச்சுன்னு அவசரமா ஒரு திருத்தம் போனுச்சே.

நாலு: நான்தான் பண்ணேன் மேடம். ஆறு ஐம்பதுக்கு.

மேடம்: நல்ல வேலை. முப்பத்தெட்டு வரி. ஒரு பிழை இல்ல.

நாலு: தாங்க்ஸ் மேடம்.

மேடம்: முப்பத்தெட்டு வரியும் டேப்.

நாலு: டேப்பா?

மேடம்: டேப்பும்மா. ஒண்ணு கூட ஸ்பேஸ் இல்ல. மூணு வருஷமா டேப் கட்டையைத் தொடாத கை. கீபோர்டுல அந்தக் கட்டையைப் பிடுங்கி எறியலாமான்னு என்கிட்டயே கேட்ட கை.

நாலு: அது... அன்னிக்குக் கண்ணாடி போடல மேடம்.

டேப்: அவங்க லேப்டாப் ரிப்பேர் மேடம்.

நாலு: ஆபீஸ் வந்து பண்ணேன் மேடம்.

மேடம்: ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்குமே.

நாலு: ஆமா மேடம். அதான் திரும்பிப் போயிட்டேன்.

மேடம்: லேப்டாப் ரிப்பேர்னு இவருக்கு எப்படித் தெரியும்?

டேப்: ஒரு ஊகம்தான் மேடம்.

மேடம்: நல்ல ஊகம். இன்னொண்ணு. அந்தத் திருத்தத்துக்கு ஆறு ஐம்பத்தெட்டுக்கு நீங்க ஒரு குறிப்பு போட்டிருக்கீங்க. பதினாலாவது வரிக்கு.

டேப்: அதை அழிச்சிட்டேனே மேடம்.

மேடம்: அழிச்சீங்க. ஆனா குறிப்பு போட்ட உடனே எனக்கு ஒரு காப்பி மெயில்ல வந்துடும். நான்தான லீட். படிக்கட்டுமா?

டேப்: வேண்டாம் மேடம்.

நாலு: என்ன போட்டீங்க அப்படி?

டேப்: உங்களுக்குத் தெரியாதா என்ன.

மேடம்: "பால் பொங்குது. அடுப்பைக் குறை."

நாலு: பாலா மேடம்?

மேடம்: பதினாலாவது வரியைத் திறந்து பார்த்தேன். அதுல பாலும் இல்ல, அடுப்பும் இல்ல.

டேப்: அது மெமரி மேடம். மெமரி ரொம்பி வழியுதுன்னா நாங்க பால்னு சொல்லுவோம்.

மேடம்: நாங்கன்னா?

டேப்: நம்ம டீம்ல.

மேடம்: பதினெட்டு வருஷமா நான் இந்த டீம்ல இருக்கேன். அடுப்புன்னா?

டேப்: ப்ராசஸர் மேடம். சூடாகும்ல.

நாலு: எனக்கும் இப்பதான் தெரியும்.

மேடம்: இப்பதான் தெரியுமா? ஏழு மணிக்கு நீங்க பதில் போட்டிருக்கீங்க. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

நாலு: மெமரியை மேடம்.

மேடம்: ஏழு ரெண்டுக்கு இன்னொரு பதில். "போச்சு."

டேப்: மெமரி போச்சு மேடம்.

மேடம்: இருங்க, டைரக்டர் கூப்பிடறார். பேசிட்டு அஞ்சு நிமிஷத்துல வரேன். அதுக்குள்ள ஒரு வேலை பண்ணுங்க. நாளைல இருந்து ஃபைலை சேவ் பண்ணும்போதே மெஷினே எல்லார் வரியையும் ஒரே மாதிரி அடுக்கிடும். அதுக்கு ஒரே ஒரு விதி வேணும். டேப்பா, ஸ்பேஸா. பேசி முடிவு பண்ணி இந்த போர்டுல எழுதி வைங்க. யார் மேல போறதுங்கறதையும்.

நாலு: சரி மேடம்.

டேப்: ...போயிட்டாங்களா?

நாலு: சிரிக்காத. வெளிய எல்லாரும் பாக்கறாங்க. கையை ஆட்டு, சண்டை போடற மாதிரி.

டேப்: ஆட்டறேன். போதுமா?

நாலு: இன்னும் கொஞ்சம். அந்த மார்க்கரை எடுத்து போர்டைத் தட்டு.

டேப்: தட்டறேன். காலைல சாப்பிட்டியா?

நாலு: எங்க சாப்பிட்டேன். உன்னால அவசரமா ஓடி வந்தேன். பார்க்கிங்ல பத்து நிமிஷம் கழிச்சு வான்னா பன்னெண்டு நிமிஷம் ஆக்கற.

டேப்: டப்பா ரெண்டும் என் பையில இருக்கு. ஒரு மணிக்கு மாடிப்படி கிட்ட வா. இப்ப விரலை நீட்டித் திட்டு. பிரிண்டர் கிட்ட நிக்கறவர் நகராம பாக்கறார்.

நாலு: நீட்டிட்டேன். லூசு, லேப்டாப் ரிப்பேர்னு உன்னை யார் சொல்லச் சொன்னது?

டேப்: ஆபீஸ் வந்தேன்னு உன்னை யார் சொல்லச் சொன்னது? முதல்ல, ஏன் என் லேப்டாப்பை எடுத்த?

நாலு: என்னோடது அப்டேட் ஓடிக்கிட்டிருந்துச்சு. முப்பது பர்சென்ட்ல நின்னு என்னையே பார்த்துச்சு. அங்க பஸ்ல ரெண்டு பேர் ஒரே சீட்டுக்கு அடிச்சுக்கறாங்க. உன் மெஷின் சமையல் மேடை மேல திறந்தே கிடந்துச்சு, எடுத்தேன். அதுல இடம் விட்டா தானா டேப் விழும்னு எனக்கு எங்க தோணுச்சு.

டேப்: மூணு வருஷமா அதுக்குத்தான சண்டை போடறோம்?

நாலு: தூக்கக் கலக்கம்டா. நீ மட்டும்? கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல. எதுக்கு அதுல போய் எழுதின?

டேப்: கூப்பிட்டேன். நீ காதுல ஹெட்போன் மாட்டியிருந்த. நான் படுத்துக்கிட்டே போன்ல உன் முப்பத்தெட்டு வரியைப் படிச்சிட்டிருந்தேன். தீயற வாசனை வந்துச்சு. உனக்கு மெசேஜ் அடிச்சேன். அது உனக்கு வரல, பதினாலாவது வரிக்குப் போயிடுச்சு.

நாலு: நானும் அதுலயே பதில் போட்டேன் பாரு.

டேப்: "போச்சு"ன்னு வேற.

நாலு: அடுப்புன்னா ப்ராசஸராம்.

டேப்: நல்லாத்தான இருந்துச்சு? சிரிக்காத, தலையில அடிச்சுக்கோ.

நாலு: அடிச்சுக்கிட்டேன். ...சொல்லிடலாமா மேடம்கிட்ட?

டேப்: சொன்னா முடிஞ்சது. புருஷன் பொண்டாட்டி ஒரே டீம்ல இருக்கக்கூடாதுன்னு விதி. இப்ப சண்டைன்னு ஒருத்தரை அனுப்பறாங்க, அப்ப கல்யாணம்னு அனுப்புவாங்க.

நாலு: விதி அப்படித்தான் இருக்கா? நீ படிச்சியா?

டேப்: எல்லாரும் சொல்றாங்க. நீ படிச்சியா?

நாலு: நாப்பது பக்கம்டா.

டேப்: ...நீ மேல போயிட்டா என் ப்ரோக்ராமை யாரு படிப்பா?

நாலு: யாராவது படிப்பாங்க.

டேப்: படிக்க மாட்டாங்க. மேலாப்புல பார்த்துட்டு "சரி"ன்னு போட்டுட்டுப் போயிடுவாங்க. மூணு வருஷத்துல நீ ஒருத்திதான் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்க. இருநூத்தி ஆறாவது வரில கடைசியில ஒரு ஸ்பேஸ் சும்மா நிக்குதுன்னு எழுதின பாரு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்... எங்கம்மா கூட என்னை அவ்வளவு கவனிச்சதில்ல.

நாலு: போர்டைத் தட்டு. கண்ணு கலங்கறது தெரிஞ்சிடும்.

டேப்: தட்டறேன். நீ டேப்பை ஒத்துக்கிட்டா இந்தப் பேச்சே வராதுல்ல?

நாலு: மாட்டேன். நீ ஸ்பேஸை ஒத்துக்குவியா?

டேப்: உயிர் போனாலும் மாட்டேன்.

நாலு: சரி. அப்படியே இரு. வராங்க, வராங்க.

மேடம்: போர்டு காலியா இருக்கே.

டேப்: இடம் விட்டிருக்கோம் மேடம்.

மேடம்: வெளியில ஒருத்தர் சொல்றார், "மேடம், சீக்கிரம் உள்ள போங்க, கை நீள ஆரம்பிச்சிடுச்சு"ன்னு. அவ்வளவு சண்டை போட்டும் முடிவு வரலையா?

நாலு: வரல மேடம். இவர் இறங்கி வர மாட்டேங்கறார்.

டேப்: இவங்கதான் மேடம்.

மேடம்: ஆச்சரியமா இருக்கு. காலைல எனக்கு ரெண்டு மெயில் வந்துச்சு. ஒன்பது பத்துக்கு ஒண்ணு, ஒன்பது பன்னெண்டுக்கு ஒண்ணு.

நாலு: மேடம், அதை அப்புறமா...

டேப்: மேடம், அது உங்களுக்கு மட்டும்னு...

மேடம்: முதல்ல இவரோடது. "மேடம், டேப்பை விட்டுடறேன். நாலு ஸ்பேஸே இருக்கட்டும். யாரையும் மாத்த வேண்டாம், முக்கியமா அவங்களை."

நாலு: ...நீங்களா எழுதினீங்க?

மேடம்: அடுத்தது இவங்களோடது. "மேடம், டேப்பே இருக்கட்டும். யோசிச்சுப் பார்த்தா அது அவ்வளவு கேவலம் இல்ல. அவர் நம்ம டீம்லயே இருக்கணும். இதை நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தலைகால் புரியாம ஆடுவார்."

டேப்: அவ்வளவு கேவலம் இல்லையா?

நாலு: அதை விடுங்க. உயிர் போனாலும் மாட்டேன்னு இப்பத்தான சொன்னீங்க?

டேப்: நீங்களும்தான் மாட்டேன்னீங்க.

நாலு: மேடம், அவர் மெயிலைக் கணக்குல எடுக்காதீங்க. டேப்தான். நான் முடிவு பண்ணிட்டேன்.

டேப்: முடியாது மேடம். நாலு ஸ்பேஸ்தான். யார் மெஷின்ல திறந்தாலும் ஒரே மாதிரி நிக்கும்.

நாலு: கண்ணு சரியாத் தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க? டேப்னா அகலத்தை மாத்திக்கலாம்.

டேப்: டேப் போட்டா வரியெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நிக்கும்.

நாலு: உங்க மெஷினைச் சரி பண்ணுங்க.

டேப்: உங்க விரலைச் சரி... இது நீங்க சொல்ல வேண்டியது.

மேடம்: நானூத்திப் பதினஞ்சு. பதினாறு. பதினேழு. எனக்கு மூச்சு வாங்குது. போதும், ரெண்டும் வேண்டாம். நானே சொல்லிடறேன். நாளைல இருந்து ரெண்டு ஸ்பேஸ்.

டேப்: ரெண்டா?

நாலு: ரெண்டா மேடம்?

மேடம்: ரெண்டு. டேப்பும் இல்ல, நாலும் இல்ல. இதுல என்ன?

நாலு: ரெண்டு விட்டா எந்த வரி உள்ள இருக்கு, எது வெளிய இருக்குன்னே தெரியாது மேடம்.

டேப்: ஒண்டுக்குடித்தனம் மாதிரி இருக்கும் மேடம். ஒரு வரி தும்மினா அடுத்த வரி மேல தெறிக்கும்.

நாலு: இவர் சொல்றது சரி மேடம்.

மேடம்: என்ன சொன்னீங்க?

நாலு: இவர் சொல்றது சரின்னேன். டேப் வைங்க, நாலு வைங்க, எட்டு கூட வைங்க. ரெண்டு வேண்டாம். அதை எங்க வீட்டுக்குள்ளயே விடறதில்ல மேடம்.

டேப்: ஆமா மேடம். மத்த எல்லாத்துலயும் அடிச்சுக்குவோம், ரெண்டு ஸ்பேஸ் கூடாதுங்கறது மட்டும் எங்க வீட்ல முதல் நாளே பேசி முடிச்ச விஷயம்.

மேடம்: எந்த வீட்ல?

நாலு: ...

டேப்: ...

மேடம்: இடம் விட்டிருக்கேன். நிதானமா பதில் சொல்லுங்க.

டேப்: எங்க... அவங்கவங்க வீட்ல மேடம்.

நாலு: விடு. நம்மால முடியாது.

மேடம்: "விடு"வா?

நாலு: எங்க வீட்லதான் மேடம். கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆச்சு.

மேடம்: ஒரு புதன்கிழமை. நீங்க பல் வலின்னு லீவு கேட்டீங்க. இவர் கண்ணு டெஸ்ட்டுன்னார்.

டேப்: உங்களுக்கு அப்பவே தெரியுமா மேடம்?

மேடம்: அப்பத் தெரியாது. ஒரே நாள்ல ஒருத்தருக்குப் பல்லு, ஒருத்தருக்குக் கண்ணு, பாவம்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்குத்தான் தெரியும். முப்பத்தெட்டு டேப்பைப் பார்த்தப்பவே சந்தேகம். பால் பொங்கினப்ப சந்தேகம் தீர்ந்துச்சு.

நாலு: அப்ப ரெண்டு ஸ்பேஸ்?

மேடம்: சும்மா சொன்னேன். ஏதாவது ஒண்ணையாவது சேர்ந்து எதிர்ப்பீங்களான்னு பார்த்தேன்.

டேப்: மேடம், மறைக்கணும்னு இல்ல. கல்யாணம் ஆனவங்க ஒரே டீம்ல இருக்கக்கூடாதுன்னு விதி இருக்குன்னு...

மேடம்: இந்தாங்க விதிப் புத்தகம். நாலாவது பக்கம், கடைசி வரி. நீங்களே படிங்க.

டேப்: "கணவனும் மனைவியும் ஒரே குழுவில் பணியாற்றலாம். ஆனால் ஒருவர் எழுதிய ப்ரோக்ராமுக்கு மற்றவர் ஒப்புதல் வழங்கக் கூடாது."

நாலு: வேலை செய்யலாமா?

மேடம்: செய்யலாம். ஒரு வரிக்கு முன்னாடி இருக்கற காலி இடத்தைக் கூட விடாம படிக்கறீங்க. நாலாவது பக்கத்தைப் படிக்கத் தெரியல.

நாலு: நாப்பது பக்கம் மேடம்.

மேடம்: நாலு பக்கம் போதுமே.

டேப்: ஆனா ஒப்புதல் வழங்கக் கூடாதுன்னு போட்டிருக்கே மேடம். இந்த நாலு மாசமா...

மேடம்: அதையும் பார்த்துட்டேன். நாலு மாசத்துல நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு தடவை கூட "சரி"ன்னு போட்டதே இல்ல. சண்டை முடியாம எல்லாமே கடைசில என்கிட்டதான் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை அந்த முப்பத்தெட்டு வரிக்கும் நான்தான் போட்டேன், பல்லு கூட விளக்காம. விதியை மீறவே முடியாத அளவுக்குச் சண்டை போட்டிருக்கீங்க.

நாலு: பாத்தியா, நான் சொன்னேன்ல, சண்டை நல்லதுன்னு.

டேப்: எப்ப சொன்ன?

மேடம்: இனிமேலும் அப்படியே. குறிப்பு எவ்வளவு வேணும்னாலும் போடுங்க, அதைத் தடுக்கல. ஒப்புதல் மட்டும் நான்.

டேப்: டைரக்டருக்கு மேடம்? மூணு மணிக்குள்ள ஒரு பேர்...

மேடம்: அஞ்சு நிமிஷம் வெளிய போனது எதுக்குன்னு நினைச்சீங்க? மெஷின் தானா அடுக்கிடும், நானூத்தி மூணும் நாளைக்கே நின்னுடும், யாரும் எங்கயும் போகலைன்னு சொல்லிட்டேன். விஷயம் முடிஞ்சதுன்னார். நிம்மதியா வச்சார் போனை.

நாலு: மேடம்...

மேடம்: அழக்கூடாது. வெளிய பதினோரு பேர் இருக்காங்க. நான் திட்டி அழ வச்சேன்னு ஆயிடும்.

டேப்: அப்ப விதி என்ன மேடம்? டேப்பா, ஸ்பேஸா?

மேடம்: டேப்.

நாலு: ஜெயிச்சிட்டேன்.

டேப்: நீ எப்படி ஜெயிச்ச? டேப் என்னோடது.

நாலு: காலைல ஒன்பது பத்துக்கே விட்டுட்டியே. இப்ப அது என்னோடது.

டேப்: மேடம், நான் நாலு ஸ்பேஸ் கேட்டேன்.

மேடம்: எனக்குக் கண்ணு சரியாத் தெரியலப்பா. அகலமா வச்சுப் படிக்கணும். இனிமே உங்க ரெண்டு பேரோட ஒவ்வொரு வரியையும் படிக்கப் போறது நான்தான்.

டேப்: ...தோத்துட்டேன். நல்லாத்தான் இருக்கு.

நாலு: ஒண்ணு கேக்கலாமா மேடம்? கல்யாணம் ஆனா பிரிச்சிடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே. சும்மாவா சொல்றாங்க?

மேடம்: சும்மா இல்ல. முன்னாடி விதி அப்படித்தான் இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு ஜோடியைப் பிரிச்சும் இருக்காங்க, பதினாறு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்ல. கதை மட்டும் அரைகுறையா நிக்குது.

டேப்: அவங்களும் டேப், ஸ்பேஸ்தானா?

மேடம்: இல்ல. ப்ரோக்ராம்ல வர்ற பேரை கேபிடல் லெட்டர்ல எழுதணுமா, சின்ன லெட்டர்ல எழுதணுமா.

டேப்: அதுக்கா சண்டை போடுவாங்க?

நாலு: நீ பேசாத.

மேடம்: ஒருத்தரை மேல அனுப்பிட்டாங்க. சண்டை நிக்கும்னு நினைச்சாங்க. எங்க நின்னுச்சு, மெயிலாத்தான் மாறுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வச்சிட்டு உட்கார்ந்து, ஒரு வருஷம் விடாம எழுதிக் கொடுத்து, அந்த வரியை மாத்த வச்சாங்க. நாலாவது பக்கம், கடைசி வரி.

நாலு: அப்ப அவர் திரும்பக் கீழ வந்துட்டாரா?

மேடம்: கேட்டேன்... கேட்டாங்க. வரலைன்னுட்டார். அங்க ஜன்னல் ஓரம் சீட். காத்து நல்லா வருதாம். பழகிடுச்சாம்.

டேப்: கேபிடல் லெட்டர். மேல. ...எந்த மாடி மேடம்?

மேடம்: போங்க, போய் வேலையைப் பாருங்க. வெளிய போறப்ப மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கங்க, பதினோரு பேரும் ஏமாந்து போயிடுவாங்க இல்லன்னா.

நாலு: மேடம், டாக்டர் அவரை நடக்கச் சொன்னது... மெயில்ல இல்லதானே?

மேடம்: ...எங்க வீட்ல பால் காய்ச்சறது அவர்தாம்மா. இந்தப் பதினாறு வருஷத்துல ஒரு நாள் கூடப் பொங்க விட்டதில்ல.